நீல அட்டைப் புத்தகம்

"உலகம் அழியிற கதை ஒண்டு தாங்க மிஸ்," என்று கேட்டுக்கொண்டே ஸம்ஸியா நூலகத்தின் மாடிப்படி ஏறி வந்தாள். பின்னால் மூச்சிரைக்க வந்த அவளுடைய கூட்டாளி சிபானா, "போன கிழமதான் மிஸ் ஒரு உலகத்த அழிச்சாள். இன்னும் பசி அடங்கல்ல இவளுக்கு," என்றாள். பாடசாலை விட்டு நேரே வந்திருந்தார்கள். மதிய வெயிலில் இரண்டு பேருடைய முகமும் அவித்தெடுத்த மாதிரி இருந்தது. நூலகர் றஹீமா மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டு, ஜன்னலோரத்து அலுமாரியைத் திறந்தாள்.

அந்த அலுமாரி அவளுடைய தனிப் பெருமை. முன்பு அதில் யாரும் தொடாத கலைக்களஞ்சியங்கள் தூசி பிடித்துக் கிடந்தன. வேலைக்கு வந்த புதிதில் அவற்றைக் கீழ்மாடிக்கு இறக்கிவிட்டு, "எதிர்காலக் கதைகள்" என்று தன் கையாலேயே எழுதி ஒட்டினாள். வேற்றுக்கிரகத்தில் குடியேறும் கதைகள், இயந்திரங்கள் ஊரை ஆளும் கதைகள், கடல் நகரங்களை விழுங்கும் கதைகள், சிரிப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டிய நாடுகளைப் பற்றிய கதைகள். "ஓ.எல். சோதனை எடுக்கிற பிள்ளைகளுக்கு இந்தப் பயங்காட்டி எல்லாம் என்னத்துக்கு?" என்று வாசகர் வட்டத் தலைவர் கேட்டபோது, "பயப்படப் பழகினாத்தான் சேர், ஓடவும் பழகுவாங்க," என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஒரு புத்தகத்தை நல்ல புத்தகம் என்று சொல்லி அவள் யாருக்கும் கொடுப்பதில்லை. வருகிற பிள்ளையிடம் ஒரேயொரு கேள்வி கேட்பாள்: "எது இல்லாமப் போனா ஒனக்குத் தாங்க ஏலாம இரிக்கும்?" போன் என்று சொல்பவனுக்கு, மனிதர்களின் நினைவையெல்லாம் ஓர் இயந்திரம் வாங்கி வைத்துக்கொள்ளும் கதை. சோதனை பாஸ் பண்ணாவிட்டால் என்று பயப்படுபவனுக்கு, பதினைந்து வயதில் கணினியே தொழிலைத் தீர்மானித்து நெற்றியில் அடையாளம் வைத்துவிடும் கதை. தண்ணீர் என்றவளுக்கு, மழை பெய்வதை நிறுத்திவிட்ட உலகம். பயத்துக்கும் புத்தகத்துக்கும் அளவு சரியாக இருக்க வேண்டும். சப்பாத்து மாதிரித்தான். சிறியதானால் கடிக்கும், பெரியதானால் கழன்று விழும்.

அன்று ஸம்ஸியா அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "நான் இல்லாமப் போனா ஆரும் தேடுவாங்களாண்டு தெரியணும் மிஸ்," என்றாள்.

சிபானா சிரித்தாள். றஹீமாவும் சிரித்தாள். பதினாறு வயதில் எல்லாரும் கேட்கிற கேள்விதானே என்று நினைத்தாள். நீல அட்டை போட்ட ஒரு மொழிபெயர்ப்பு நாவலை எடுத்துக் கொடுத்தாள். பெருவெள்ளம் வந்த ஒரு நாட்டில், தப்பிய சிறுபிள்ளைகளை அரசாங்கம் மலைமேல் உள்ள நகரத்துக்குக் கொண்டுபோகிறது. பெயரை மாற்றி, பழைய நினைவை அழித்து வளர்க்கிறது. தாய்மாரிடம் பிள்ளைகள் நீரில் போய்விட்டார்கள் என்று சொல்லிவிடுகிறது. தோளில் ஒரு தழும்புள்ள பெண்பிள்ளை, தான் யார் என்று தேடத் தொடங்குவதுதான் கதை.

"இப்படி எல்லாம் என்னெண்டு மிஸ் யோசிக்கிற?" என்று ஸம்ஸியா கேட்டாள். றஹீமாவுக்கு இப்படிக் கேட்டுவிட்டால் போதும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"வயலுக்குத் தண்ணி வாற மதகு பாத்திரிக்கியா? பத்து மதகுல ஒண்ட மட்டும் மூடு. மற்றதெல்லாம் அப்படியே இரிக்கட்டும். எந்த வயல் முதல்ல காயுது, எந்த வீட்டுல முதல்ல சண்ட வருது, ஆரு ராவைக்குப் போய் வரம்ப வெட்டுறான் எண்டு பாத்துக்கிட்டே போ. அவ்வளவுதான் இந்தக் கதைகள்ற வேல. புதுசா ஒண்டும் உண்டாக்கிறல்ல. இதுக்குள்ள இரிக்கிற எல்லாம் ஆருக்கோ, எங்கயோ, மெய்யா நடந்ததுதான்."

அந்தக் கடைசி வசனம் அவளுக்கு மிகவும் பிடித்தது. பல பிள்ளைகளிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவர்களுடைய கண்கள் கொஞ்சம் விரியும். ஸம்ஸியாவின் கண்களும் விரிந்தன.

பயப்படப் பழக வேண்டும் என்று அவள் தலைவரிடம் சொன்னது வாய்க்கு வந்த பேச்சல்ல. கடல் வந்த அன்று காலையில் அவள் தம்பி அஸ்கி கடற்கரையில் நின்றான். முதலில் கடல் வற்றியது. எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும் மணல் வெளியே தெரிந்தது. மீன்கள் துள்ளின. பிள்ளைகள் எல்லாம் பொறுக்க ஓடினார்கள், அஸ்கியும் ஓடினான். பிறகு றஹீமா அந்த அலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தாள். கடலின் அடித்தரை எப்படிப் பிளந்து எழுந்தது, ஆழத்தில் விமானம் போகிற வேகத்தில் வந்த நீர் கரைக்குக் கிட்ட வந்ததும் ஏன் வேகம் குறைந்து உயரமாகியது, அலையின் பள்ளம் முதலில் வந்தால் கடல் ஏன் உள்வாங்கும் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். கரும்பலகையில் வரைந்து காட்டவும் தெரியும். இப்படிப்பட்ட ஒரு கதையைப் படித்த ஒரேயொரு பிள்ளை அன்று அந்தக் கரையில் நின்றிருந்தால், "ஓடுங்க" என்று கத்தியிருக்கும். அந்த அலுமாரி முழுக்க அந்த ஒரு பிள்ளைக்காகத்தான்.

ஸம்ஸியா புத்தகத்தோடு படியிறங்கிப் போனாள். தவணை முடிந்தும் புத்தகம் திரும்பி வரவில்லை. பிறகு ஒரு நாள் அவள் தனியாக வந்தாள். கையில் புத்தகம் இல்லை.

"மிஸ், எங்கட உம்மாக்கு வந்து அது பொய்யெண்டு செல்லுங்க."

"எது?"

"நீல அட்டை."

றஹீமா அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாள். விசயம் மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. ஸம்ஸியாவின் உம்மா நாச்சியா, தேத்தண்ணிக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவள். பின்னேரங்களில் அவள் மாவை வறுத்து அரிக்கும்போது ஸம்ஸியா பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டுவாள். நாச்சியாவுக்கு வாசிக்கத் தெரியாது, கேட்கப் பிடிக்கும். மற்றப் புத்தகங்களுக்கெல்லாம் இடையிடையே, "இவனுக்குப் பைத்தியமா?" என்று கேட்டுச் சிரிப்பாளாம். நீல அட்டைக்கு மட்டும் ஒரு சத்தமும் இல்லை. ஒருநாள் மா கருகிய மணம் வந்த பிறகுதான், உம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருப்பதை ஸம்ஸியா கண்டாள்.

ஸம்ஸியாவுக்குக் காக்கா என்று சொல்ல ஓர் அண்ணன் இருந்தான், ஸாஜித். கடல் வந்தபோது நாலு வயது. நாச்சியாவின் கையிலிருந்துதான் போனான். மையித்து என்று ஓர் உடலும் கிடைக்கவில்லை. காணாமற்போனவர்களுக்கெல்லாம் சேர்த்து அந்த வருடம் பள்ளிவாசலில் காயிப் ஜனாஸா, அதாவது உடல் இல்லாமலே தொழுகிற ஜனாஸாத் தொழுகை, நடந்தபோது, அவனுடைய பெயரைச் சேர்க்க நாச்சியா விடவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக விடவில்லை. இப்போது வாப்பா முகைதீன்பாவாவுக்கு நெஞ்சு வருத்தம். "நான் போறதுக்கு முன்ன மகனுக்கு ஒருக்காத் தொழணும்," என்று அழுதார். ஒருவழியாக நாச்சியா தலையாட்டினாள். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு என்று மௌலவியிடமும் சொல்லியாயிற்று. அதற்குள் இந்தப் புத்தகம் முடிந்தது.

"இப்ப தொழ வேணாமாம் மிஸ். காக்காவ ஆரோ எடுத்துப் பேர மாத்தி வளக்கிறாங்களாம். எங்கயும் போனா உம்மா ஆம்புளைகள்ற முகத்தப் பாக்கிறல்ல. பின்னால போய்க் காலத்தான் பாப்பா. சின்னதுல இடியப்பச் சட்டித் தண்ணி ஊத்துண்டு காக்காட இடது குதிகால் வெந்து போனயாம். வெள்ளையா, பூவரசம் இலை மாதிரித் தழும்பு. 'பேர மாத்தலாம், தழும்ப மாத்த ஏலா' எண்டு நீல அட்டைல வருதுதானே. அத உம்மா துஆ ஓதுற மாதிரிச் செல்லிக்கிட்டு இரிக்கா." கொஞ்சம் நிறுத்தி, "நான் பொறந்ததே அவர் இல்லாமப் போனதாலதான் மிஸ்," என்றாள். "இந்த ஒரு வெள்ளிக்கிழமையோட முடியுமெண்டு நினச்சன்."

நான் இல்லாமற்போனால் யாராவது தேடுவார்களா என்று இவள் கேட்டது பதினாறு வயதின் விளையாட்டுக் கேள்வியல்ல என்பது றஹீமாவுக்கு அப்போதுதான் விளங்கியது. சப்பாத்தின் அளவைத் தான் மேலோட்டமாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். "உம்மாவ இஞ்ச கூட்டிக்கிட்டு வா. நான் விளக்கிச் செல்லுறன்," என்றாள். விளக்கினால் சரியாகிவிடும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

நாச்சியா அடுத்த நாளே வந்தாள், தனியாக. செருப்பை மாடிப்படியின் கீழேயே கழற்றி வைத்திருந்தாள். ஓதுகிற கிதாபைச் சுற்றுவதுபோலப் புத்தகத்தைப் பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள். அதை மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். துணியிலிருந்து வறுத்த மாவின் மணம் வந்தது.

"இத எழுதின மனுசன் ஹயாத்தா, உசிரோட இரிக்காரா மகள்?"

"பொம்புளதான் ராத்தா எழுதின. இரிக்கா எண்டுதான் நினைக்கன்."

"பொம்புளயா?" நாச்சியா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். "அப்ப அவட புள்ளையும் போயிரிக்கும்."

"ராத்தா, இது கற்பனக் கதை."

"எனக்கு எழுத்துத்தான் தெரியா மகள், கதையெண்டா என்னெண்டு தெரியும். ஆனா இதுக்குள்ள இரிக்கிற எல்லாம் எங்கயோ மெய்யா நடந்ததெண்டு நீங்கதானாம் சென்ன. எண்ட மகள் பொய் செல்ல மாட்டாள்."

றஹீமா மதகைப் பற்றிச் சொன்னாள். பொறுமையாக, தனக்குத் தெரிந்த அளவு தெளிவாகச் சொன்னாள். நாச்சியா நல்ல மாணவியைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். "எங்கட வாப்பா வட்டவிதானையா இரிந்தவரு, வயல் கண்டத்துக்குத் தண்ணி பங்கிடுறது அவருட வேல. மதகு எனக்கு நல்லாத் தெரியும்," என்றாள். "மதகு தன்பாட்டுல மூடாது மகள். ஆரும் போய்ப் பலகைய இறக்கணும். அந்தப் புள்ளைகள எடுத்தது ஆரு?"

"அது கதையில வாற அரசாங்கம் ராத்தா."

"கதைக்கு வெளிய? அப்படி ஒரு நாட்டுலயும் நடக்கவே இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். றஹீமாவுக்கு அந்தச் சொல் வாய்வரை வந்தது. ஆனால் யுத்தம் நடந்த நாடுகளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுபோய், வேறு பெயர் வைத்து, வேறு வீடுகளில் வளர்த்தது அவளுக்குத் தெரியும். இந்த அலுமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

"நடந்திரிக்கி," என்றாள். "வேற நாடுகள்ல. ஆனா அது வேற ராத்தா, மனிசர் செஞ்சது. இஞ்ச நடந்தது கடல். கடலுக்குக் கொண்டுபோய் வளக்கத் தெரியா. எண்ட தம்பியையும் அதுதான் எடுத்த."

"மையித்து கிடைச்சா?"

"கிடைச்ச."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் நாச்சியா. அதில் குத்தல் எதுவும் இல்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடியதென்று கேட்டவள் சொல்வதுபோல, மனம் நிறைந்து சொன்னாள். அஸ்கியை அவன் போட்டிருந்த சட்டையை வைத்துத்தான் வாப்பா அடையாளம் கண்டார். அதை ஒரு பாக்கியம் என்று அவளிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

நாச்சியா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எழுத்துகளின்மேல் விரலை வைத்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"கடைசில அந்தப் புள்ள ஜன்னலால பாக்குதாம், கேற்றுக்கு வெளிய ஒரு பொம்புள நிக்கிறாவாம். அதோட முடிஞ்சிட்டெண்டு ஸம்ஸியா செல்றாள். மிச்சம் இரிக்கிற புத்தகம் இஞ்ச இரிக்கா?"

"இல்ல ராத்தா. அவ்வளவுதான்."

"புள்ள எறங்கி வந்து தொறக்குதா இல்லையா?"

"எழுதல்ல."

"ஏன் எழுதல்ல?"

கதைகள் ஏன் திறந்தபடி முடிகின்றன என்பதற்கு றஹீமாவிடம் நல்ல விளக்கம் ஒன்று இருந்தது. பிள்ளைகளுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அது இப்போது நினைவுக்கு வரவில்லை. "தெரியா ராத்தா," என்றாள்.

நாச்சியா தலையசைத்தாள். அவள் வந்ததிலிருந்து கேட்ட பதில்களில் இது ஒன்றுதான் அவளுக்குப் போதுமானதாக இருந்ததுபோலத் தெரிந்தது. "அப்ப அவ இன்னும் நிண்டுக்கிட்டுத்தான் இரிக்கா," என்றாள். புத்தகத்தைத் துணியில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, "ராவு ஸம்ஸியா சண்ட புடிச்சாள்," என்றாள். "'நான் ஒங்களுக்குப் புள்ள இல்லையா உம்மா' எண்டு கேட்டாள். அதுக்கு நான் என்ன செல்லுற? அவ கேட்டது சரிதானே. அவட வாப்பாவும் பாவம், ராவைக்கு மூச்செடுக்கக் கஷ்டப்படுறாரு. தொழட்டும் மகள். அவன் மவுத்து, இல்லாமப் போயிட்டானெண்டு நான் செல்லல்ல. தொழட்டும் எண்டுதான் செல்றன்."

எழுந்தவள் ஜன்னலருகே போய் நின்றாள். சந்து மாதிரிச் சிறிய ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் பள்ளிவாசலின் பின்விறாந்தை. வெள்ளிக்கிழமைகளில் உள்ளே இடம் போதாமல் அங்கும் பாய் விரித்து, மேற்குப் பக்கம் பார்த்து நிற்பார்கள். இப்போது அது வெறுமையாகக் கிடந்தது. நாச்சியா அந்த வெறும் சீமெந்துத் தரையை நெடுநேரம் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழம பகலைக்கு இஞ்ச தொறந்திரிக்குமா?"

"பூட்டிருவம் ராத்தா. தொறப்பு என்னட்டத்தான் இரிக்கி."

"தொறந்து தருவீங்களா?"

ஜனாஸாத் தொழுகைக்குப் பெண்கள் போவதில்லை. மகனுக்காகத் தொழுகிற சத்தத்தையாவது கிட்ட இருந்து கேட்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கும் என்று றஹீமா நினைத்தாள். சரி என்றாள். புத்தகத்தைத் திருப்பி வாங்க மனம் வரவில்லை. இன்னொரு தவணைக்கு முத்திரை குத்திக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை தாயும் மகளும் குத்பாப் பிரசங்கம் நடக்கும்போதே வந்துவிட்டார்கள். ஸம்ஸியா இஸ்திரி போட்ட கறுப்பு அபாயா உடுத்து, உம்மாவின் கையைப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இன்று ஒரு காரியம் முடியப்போகிறது என்கிற நிம்மதி. றஹீமா ஜன்னல் கதவுகளை அகலத் திறந்துவிட்டாள். கடற்காற்று உள்ளே வந்து அலுமாரியில் ஒட்டியிருந்த "எதிர்காலக் கதைகள்" என்ற தாளின் ஓரத்தைப் படபடக்க வைத்தது.

ஜும்ஆ முடிந்தது. ஒலிபெருக்கியில் மௌலவி தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தார். முகைதீன்பாவாவின் மகன் ஸாஜித் என்ற பெயர் காற்றில் ஒருமுறை எழுந்து ஒழுங்கையைக் கடந்து வந்தது. நாச்சியா அழவில்லை. இரண்டு கைகளாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து கீழே பார்த்தாள். பார்ப்பவர்களுக்கு ஒரு தாய் தலை தாழ்த்தித் துக்கம் காப்பதாகத்தான் தோன்றும்.

விறாந்தையில் ஆண்கள் எழுந்து வரிசை கட்டினார்கள். வேலைத்தலங்களிலிருந்து வந்த வெளியூர்ப் பொடியன்மாரும் அவர்களுக்குள் நின்றார்கள். அல்லாஹு அக்பர் என்று முதல் தக்பீர் கேட்டது. இந்தத் தொழுகையில் குனிவதில்லை, நெற்றியைத் தரையில் வைப்பதில்லை, நாலு தக்பீருக்கும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள் என்று ஸம்ஸியாவுக்குச் சொல்லத் தொடங்கினாள் றஹீமா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே நாச்சியாவின் கண்கள் போகிற திசையைக் கண்டாள்.

கீழே வரிசை வரிசையாக வெறுங்கால்கள். சாரத்துக்குக் கீழும், மடித்துவிட்ட காற்சட்டைக்குக் கீழும், இந்த ஜன்னலுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு ஊரின் குதிகால்கள் எல்லாம் அசையாமல் நின்றன. றோட்டில் என்றால் நடந்துவிடும், செருப்புக்குள் மறைந்துவிடும். இங்கே எதுவும் மறையவில்லை. நாச்சியாவின் பார்வை இடப்பக்கக் கோடியில் தொடங்கி, ஒவ்வொரு இடது காலிலும் கொஞ்சம் நின்று நின்று நகர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய கண்கள் சுருங்கின. உதடுகள் எதையோ முணுமுணுத்தன. அது துஆ அல்ல என்று றஹீமாவுக்குத் தெரியும்.

ஸம்ஸியாவும் கண்டுகொண்டாள். பிடித்திருந்த கையை விட்டாள். அவள் முகத்திலிருந்த நிம்மதி கரைந்துபோவதை றஹீமா பக்கத்தில் நின்று பார்த்தாள். விளக்குவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

இரண்டாவது தக்பீர் கேட்டது. ஸம்ஸியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னலின் மற்றப் பக்கத்துக்கு வந்தாள். கம்பியில் நெற்றியை முட்டி, உம்மாவைப் போலவே குனிந்தாள்.

"நீங்க அந்தப் பக்கம் பாருங்க உம்மா," என்றாள். "இந்தக் கோடில இருந்து நான் பாத்துக்கிட்டு வாறன்."

கீழே ஒரு காலும் இன்னும் அசையவில்லை.